ராஜகல மலை: மட்டக்களப்பிலிருந்து ஒரு பகல் போய்வர

ராஜகலவுக்குப் போகிறவர்களில் பலர் ஒரு தூபியைப் பார்த்து, நாலு படம் எடுத்து, "இவ்வளவு ஏறினதுக்கு இதுதானா" என்ற முகத்தோடு இறங்கி வருகிறார்கள். குறை மலையில் இல்லை. உச்சியை மட்டும் நினைத்துக்கொண்டு ஏறுவதால் வழியெல்லாம் கிடப்பது கண்ணில் படாமல் போகிறது. இந்த மலையின் சொத்து கல்லில் இருக்கிறது: பிளந்த கல், பிளக்கப் பார்த்துப் பிளவாமல் விட்ட கல், புருவம் வெட்டிய குகை, எழுத்துக் கொத்திய பாறை. அதைப் பார்க்கத் தெரிந்து போனால் அம்பாறை மாவட்டத்தில் ஒரு நாளைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அரைப் புள்ளி குறைவது ஏற்றத்தால்: முழங்கால் நோவு உள்ள அம்மாவையோ அப்பாவையோ மேலே கொண்டுபோக வழியில்லை.

இடம் உகணைப் பக்கம், அம்பாறை–மகாஓயா வீதியில், அம்பாறை நகரிலிருந்து 26 கிலோமீற்றர். பழைய பெயர் ரஸ்ஸகல. கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சத்தாதிஸ்ஸ, லஜ்ஜிதிஸ்ஸ மன்னர் காலத்தில் பிக்குமார் குடியிருக்கத் தொடங்கிய இந்த மலையில் கி.பி. 10ஆம் நூற்றாண்டு வரையும் ஆட்கள் இருந்ததற்குக் கல்வெட்டுச் சாட்சி உண்டு. அறுநூறுக்கு மேற்பட்ட இடிபாடுகளும் சின்னங்களும் எண்ணப்பட்டிருக்கின்றன; அவற்றில் ஏறத்தாழ நூறு தூபிகள். மிகிந்தலைக்கு அடுத்த பெரிய மடத்தொகுதி என்று சொல்லப்படுவது இதனால்தான். பிறகு காடு மூடிவிட்டது. 2013இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தார் அகழ்வு தொடங்கியபின் சில கட்டடங்கள் வெளியே வந்து, திருத்தி நிமிர்த்தப்பட்டிருக்கின்றன. மிச்சம் இன்னும் வேருக்கும் சருகுக்கும் அடியில்தான். கல்லுடைத்த ஆட்கள் நேற்று மாலை எழும்பிப் போனாற்போலக் கிடக்கும் ஒரு பழைய ஊர் என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

மட்டக்களப்பிலிருந்து இரண்டு வழி. ஒன்று கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை, உகணை. மற்றது செங்கலடியில் திரும்பிக் கறடியனாறு, புல்லுமலை, மகாஓயா போய், அங்கிருந்து உகணைப் பக்கம் தென்கிழக்கே வருவது. தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. முதல் தடவை போகிறவர்களுக்குக் கல்முனை வழியே நல்லது. வழியெல்லாம் கடை, எண்ணெய் அடிக்க இடம், சில்லுக்குக் காற்றுப் போனால் ஒட்ட ஆள் எல்லாம் உண்டு. மகாஓயா வழி காட்டுவழி. அதை வெளிச்சம் உள்ள நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விடிய 5 மணிக்கு மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிட்டால் ஏழரை மணிபோல அடிவாரத்தில் நிற்கலாம். எட்டு மணிக்குப் பிந்தி ஏறத் தொடங்கினால் திரும்பி வரும் நேரம் பாறை அடுப்புக்கல் மாதிரிச் சுடும்.

வான் ஹயர் பேசும்போது "அம்பாறைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பிறகு வரும் தகராறு முழுவதும் இந்த ஒரு சொல்லால்தான். ராஜகல அடிவாரம் வரை, உள்ளே திரும்பும் பாதையும் சேர்த்து, அங்கே ஏழு எட்டு மணித்தியாலம் நிற்கவேண்டும், திரும்பும் வழி இது என்று மூன்றையும் முதலே சொல்லி, காத்திருப்புக்குத் தனிக் காசா, சாரதியின் சாப்பாடு யார் பக்கம் என்பதையும் பேசி முடியுங்கள். எண்ணெயை அம்பாறையில் நிரப்புவது உத்தமம். பஸ்ஸில் போகிறவர்கள் அம்பாறையிலிருந்து மகாஓயாப் பக்கம் போகும் பஸ்ஸை நம்பலாம். ஆனால் பிரதான வீதியிலிருந்து அடிவாரத்துக்கு உள்ளே போகும் பாதையை நடந்து கடக்க நினைக்க வேண்டாம். யானை நடமாடும் காடு அது. உகணையில் இறங்கி ஓட்டோ பிடித்து, திரும்பிக் கூட்டிப்போகும் நேரத்தையும் அவரிடமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் தொலைபேசிச் சிக்னல் வந்து போகும்; கீழே இருந்து அழைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது.

காலம் பார்த்துப் போவது பாதி வேலை. நவம்பர் முதல் ஜனவரி வரை நமது பக்கம் மாரி. பாறையில் பாசி வழுக்கும், அட்டை ஏறும், ஓடைகள் பாதையைக் குறுக்கே வெட்டும். பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மிகத் திறம். மழை விட்டிருக்கும், மலையிலுள்ள குளங்களில் தண்ணீர் நிற்கும், காடு பச்சையாக இருக்கும். ஜூன் தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்பில் ஈரமே நிற்காது. வியர்ப்பது தெரியாமலே தண்ணீர் வற்றிப்போகும், தலையிடி வந்தபிறகுதான் பிழை தெரியும். ஆனால் அந்தக் காலத்திலும் ஒரு லாபம் உண்டு. இலை உதிர்ந்து, மாரியில் மூடிக்கிடக்கும் பாறையும் குகைவாசலும் தெரியும். ஒக்டோபரில் பின்னேர இடிமுழக்கம் வழக்கம்; மேற்கே கறுப்பு ஏறினால் மதியம் ஒரு மணிக்கு முன் மேட்டுப் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள். போயா நாளில் வெள்ளை உடுத்த யாத்திரிகர் கூட்டமாக வருவார்கள். துணை வேண்டுமென்றால் அந்த நாள், அமைதி வேண்டுமென்றால் வேறு நாள்.

ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர், குறையக் கூடாது. கடை இருக்குமென்று எண்ணிக்கொண்டு போகாமல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே போங்கள். அதில் 1 லீற்றரில் ஒரு ஜீவனிப் பக்கற் (உப்புச்சீனித் தூள்) கரைத்துத் தனிப் போத்தலில் வைத்துக்கொண்டால் வியர்வையில் போகும் உப்பையும் தண்ணீரையும் ஈடுசெய்யலாம். அரைப் போத்தலாகக் கரைத்தால் உப்புக் கூடிவிடும். பக்கற் ஒன்றுக்குச் சரியாக 1 லீற்றர். சாப்பாட்டில் பலர் விடும் பிழை, சொதியும் தேங்காய்ப்பூச் சம்பலும் கட்டிப்போவது. அந்த வெக்கையில் மதியத்துக்குள் புளித்துவிடும். ரொட்டி, தேங்காய் சேராத கட்டைச்சம்பல், அவித்த மரவள்ளி, கச்சான், வாழைப்பழம் போதும். குரங்குக்குச் சிலுசிலுப்புப் பையின் சத்தமே அழைப்பு; எல்லாவற்றையும் சிப் உள்ள பைக்குள் வையுங்கள். ரப்பர் செருப்போடு ஏறவேண்டாம். அடிப்பாகம் பிடிமானமுள்ள சப்பாத்தும், கணுக்காலுக்கு மேல் ஏறும் தடித்த மேசும் வேண்டும். இன்னொரு சோடி மேசும் பையில் இருக்கட்டும்: கும்பிடும் தூபி முற்றத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், பதினொரு மணிக்குப் பிறகு அந்தக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. ஒரு சின்னக் கைவிளக்கும் எடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து நிதானமாக ஏறினால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணியை இரண்டாக்குங்கள். வழியின் இரண்டு பக்கமும் பெரிய உருண்டைப் பாறைகள் கிடக்கும். ஒவ்வொன்றின் விளிம்பையும் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். சில பாறையின் ஒரு பக்கம் மட்டும் கத்தியால் வெட்டினாற்போல் நேராக இருக்கும். அந்த நேர்முகத்தின் மேல்விளிம்பில், தபால் முத்திரையைக் கிழித்தெடுத்த ஓரம்போல, வரிசையாகப் பாதிக் குழிகள் தெரியும். அவை ஆப்புக்குழிகள். மறு பாதிக் குழிகளோடு மற்றத் துண்டு மலையில் எங்கோ ஒரு படியாகவோ தூணாகவோ நிற்கிறது. இந்தக் கட்டடங்களுக்குக் கல் வெளியூரிலிருந்து வரவில்லை. மலைதான் கல்லுக்குழி, மலைதான் பட்டறை, மலைதான் ஊர்.

வேலை நடந்த விதத்தை அந்தக் குழிகளே சொல்லும். கல்லுக்கு ஓட்டம் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகப் பாறையில் ஓடும் கோடுகள்தான் அந்த ஓட்டம். கல்தச்சன் அதைப் பார்த்து, பிளவு எந்தத் திசையில் போக விரும்பும் என்று முதலே தீர்மானிக்கிறான். பிறகு நேர்கோட்டில், ஒரே ஆழத்தில், நீள்சதுரமாகக் குழிகளைக் கொத்துகிறான். ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பை இறுக்கி, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டு போகிறான். ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் அந்த இடத்தில் சில்லுத்தான் தெறிக்கும். எல்லா ஆப்பும் சேர்ந்து தள்ளினால்தான் கல் நேரே வாய் திறக்கும். ஆப்பு இறுக இறுகச் சத்தம் மெலிந்து உயரும். திடீரென்று அது செத்துப்போனால் கல் விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கையால் கல்லுடைக்கும் ஆட்கள் இன்றும் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வேலை செய்கிறார்கள்.

இதைவிடப் பெறுமதியானது பிளக்கும்போது பிழையாய்ப்போன கல். குழி வரிசை முழுதாக இருக்கும், பிளவு இருக்காது. அல்லது பிளவு பாதிவரை நேரே வந்து, வெள்ளைப் படிகக் கோடு ஒன்றைச் சந்தித்து, அதைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து ஓடியிருக்கும். கல் கோணலாகிவிட்டது, தூணுக்கு உதவாது, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாயிரம் வருடக் கணக்கில் பேசும் இந்த மலையில் ஒரு மனிதனின் ஒரு நாள் வேலை வீணான இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கலாம். கோபுரம் போன்ற தூபிகளைவிட இந்தக் கல்லின் முன்னால் நிற்பதற்குத்தான் இந்த மதிப்புரை நாலரை கொடுக்கிறது. ஒரு எச்சரிக்கை: குழி உருண்டையாக, குழாய்போல நீளமாக இருந்தால் அது பழையதல்ல, நம் காலத்துத் துளைபொறி போட்டது.

குகைகளுக்கு வந்தால், வாசலில் நின்று உள்ளே பார்க்காமல் முதலில் நிமிர்ந்து பாருங்கள். பாறையின் நெற்றியில் ஒரு நீண்ட வெட்டு ஓடும். நமது வரலாற்று ஆசிரியர்கள் இதைக் கற்புருவம் என்பார்கள், அந்தப் பெயரே விளக்கம். மழைநீர் உருண்டையான பாறையில் வழியும்போது கீழே விழாது. கல்லின் உட்பக்கத்தை ஒட்டிக்கொண்டே வளைந்து குகைக்குள் போய், படுத்திருப்பவன் தலைமேல் சொட்டும். குடத்திலிருந்து மெதுவாக ஊற்றினால் தண்ணீர் குடத்தின் கழுத்தை ஒட்டி வழிவது போலத்தான். நெற்றியில் கூர்மையான விளிம்பு ஒன்றை வெட்டிவிட்டால் அந்த இடத்தில் ஒட்டு அறுந்து, தண்ணீர் வாசலுக்கு வெளியே சொட்டிவிடும். மாரி முடிந்த கையோடு போனால், புருவத்துக்கு வெளியே கறுத்த நீர்த்தடமும் உள்ளே வெளுத்த காய்ந்த கல்லும் ஒரே கோட்டில் பிரிந்து நிற்பதைக் காணலாம். இத்தனை காலம் கழித்தும் வெட்டு தன் வேலையைச் செய்கிறது.

எழுத்து இருந்தால் அந்தப் புருவத்துக்குக் கீழேதான் இருக்கும், நனையாத இடமென்பதால். பிராமி எழுத்து, பிராகிருத மொழி. பெரும்பாலும் இன்னார் தந்த குகை, நாற்றிசைப் பிக்குமார் சங்கத்துக்கு உரியது என்ற செய்தி. நேரே பார்த்தால் எழுத்துத் தெரியாது. கைவிளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். காலை வெயில் சாயலாக விழும் நேரத்தில் விளக்கே தேவைப்படாது, அதனால்தான் விடியப் போகச் சொல்வது. கூட்டல் அடையாளம்போல இருப்பது 'க'. கூரை முகடுபோல இருப்பது ஆங்கில 'ga' போன்ற ஒலி. தமிழ்ப் பிராமி படித்த பிள்ளைகள் கூட வந்தால் 'க'வைத் தாங்களே பிடித்துவிடுவார்கள்; மற்றது தமிழ்ப் பிராமியில் இல்லாத எழுத்து. எழுத்தின்மேல் சோக்கோ மாவோ பூசாதீர்கள், தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். ஒரு தேய்ப்பில் போகும் பொருக்கோடு ஒரு எழுத்தும் போய்விடும்.

இந்த மலைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த கல்வெட்டு ஒன்று உண்டு. தீவின் நற்பேற்றினால் இங்கே வந்த இட்டிய தேரர், மகிந்த தேரர் இருவருடைய தூபி இது என்று சொல்வது. பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்ததாக மகாவம்சம் சொல்லும் மகிந்தரின் பெயர் அவர் காலத்துக்கு அண்மையில் வெட்டப்பட்ட கல்லில் கிடைப்பது சின்ன விஷயமல்ல. அவருடைய எச்சத்தில் பாதியை மிகிந்தலையிலும் மிச்சத்தை மற்ற விகாரைகளிலும் வைத்ததாக மகாவம்சம் எழுதுகிறது. அந்த வரியையும் இந்தக் கல்லையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெரிய கற்பாத்திரமும் பார்க்க வேண்டியதே. ஆனால் அதை எல்லோரும் காட்டுவார்கள், தேடவேண்டியதில்லை.

படம் எடுப்பதில் கவனம். தூபியின்மேல், இடிந்த மேடையின்மேல், ஆறு செங்கல் மட்டும் மிஞ்சிய குவியலின்மேல் கூட ஏறக்கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் விளையாட்டல்ல. 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல தூபியில் ஏறி எடுத்த படத்துக்காகப் பல்கலைக்கழக மாணவர் எட்டுப் பேர் விளக்கமறியலில் இருந்து, தண்டம் கட்டி வெளியே வந்தார்கள். இங்கே காட்டுக்குள் மண்மேடுபோலக் கிடப்பதும் தூபியாக இருக்கலாம். குளிர்ச்சிக்காக உட்காரும் மேடு எது என்று பார்த்து உட்காருங்கள்.

பாறையில் வெங்காயத்தோல்போல உரிந்த தகடுகள் உண்டு. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு மேல்படை கழன்று நிற்பது அது. காலால் தட்டினால் வெறுமையாகச் சத்தம் வரும் இடத்தில் விளிம்புக்குப் போகாதீர்கள். பாறை முகட்டின் கீழ் பெருந்தேனீக் கூடு தொங்கினால் சத்தம், புகை, வாசனைத் தைலம் மூன்றும் ஆகாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு கீழ்நோக்கி விலகி ஓடுங்கள். பல கொட்டு விழுந்தாலோ மூச்சு இறுகினாலோ தாமதியாமல் அம்பாறை வைத்தியசாலை. கரடியும் உள்ள காடு, ஆளில்லாத குகைக்குள் முதல் ஆளாக நுழைய வேண்டாம். வெளியே நின்று பேசி, ஒரு கல்லைத் தட்டிவிட்டுப் போங்கள். வெயில் மாதத்தில் உண்ணிதான் பெரிய தொல்லை. களிசானை மேசுக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் நெருப்போ மண்ணெண்ணெயோ வைக்காமல், சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே மேலே இழுத்தெடுங்கள். முறுக்கி இழுத்தால் தலை உள்ளே முறிந்து நின்று புண்ணாகும்.

யாருக்குப் பொருந்தும்? பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, வரலாறு படிக்கும் உயர்தர மாணவருக்கு, கல்வேலை, மேசன்வேலை தெரிந்தவர்களுக்கு மிகப் பொருந்தும். கல்வேலை தெரிந்த ஒருவர் கூட வந்தால் அவரே வழிகாட்டி. குளித்துக் கும்மாளமடிக்க இடம் தேடுகிறவர்கள் இங்கினியாகலைப் பக்கம் போகட்டும். ராஜகலவின் குளங்களில் இறங்கக் கூடாது, அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது.

பின்னேரம் மூன்று மணிக்கு அடிவாரத்தில் நிற்கும்படி இறங்கத் தொடங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கால் தடுமாறும், சருகு மூடிய கல்லில் குதிகாலை முதலில் வைத்தால் சறுக்கும். முழுப் பாதத்தையும் பதித்து இறங்குங்கள். வாகனத்தில் ஏறுமுன் மேசுகளைக் கழற்றி, உண்ணி ஏறியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்புப்பட்டி, அக்குள் மூன்றையும் பாருங்கள். மகாஓயா வழியாகத் திரும்பினால் வீதியில் யானை நின்றால் நூறு மீற்றர் முந்தியே நிறுத்தி, ஹோண் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, அது போகும்வரை இருங்கள். கமராவின் மின்னொளியை அணைத்து வையுங்கள். மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் உண்டு. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு, சிலதில் கை பொறுக்காது. முதலில் வாளியால் அள்ளிக் கொஞ்சம் புறங்கையில் விட்டுப் பார்த்து, இளஞ்சூடான கிணற்றைத் தெரிந்து முழங்காலுக்குக் கீழே ஊற்றுங்கள். ஐந்து மணிக்கு முன் அங்கிருந்து வெளிக்கிட்டால் புல்லுமலைக் காட்டைப் பொழுது இருக்கும்போதே தாண்டலாம்.